மாமாவின் பழைய ரிவால்வர்: சுடுவதா, சுடாமல் வைத்திருப்பதா, விற்பதா?

சோழவந்தானுக்கு அருகே வெற்றிலைக் கொடிக்காலும் தென்னந்தோப்பும் வைத்து வாழ்ந்த என் தாய்மாமா கடந்த தை மாதம் காலமானார். நிலத்தையும் வீட்டையும் பங்கிட்டுக்கொள்வதில் அவருடைய மகன்கள் இருவருக்கும் மனத்தாங்கல் ஏதும் வரவில்லை. பீரோவின் உள்ளறையில் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த ரிவால்வரை என்ன செய்வது என்பதில்தான் இருவரும் எதிரெதிராக நின்றார்கள். அதைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு அப்பா சுட்டதைப் போலத் தாமும் சுட வேண்டும் என்கிறார் மூத்தவர். பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அது இருக்கவே கூடாது, விற்றுவிடலாம் என்கிறார் இளையவர். அத்தைக்கு அது மாமாவின் கைபட்ட பொருள். விற்க மனமில்லை, தொடவும் அச்சம். பாலிடெக்னிக் பட்டறையில் முப்பது ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவன், மதுரையில் ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் நெடுங்காலமாக உறுப்பினன் என்பதால் என்னை அழைத்து யோசனை கேட்டார்கள். நான் அவர்களுக்குச் சொன்னதை, இதே நிலையில் இருக்கும் பிற குடும்பங்களுக்கும் உதவக்கூடும் என்பதால் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உரிமம் மாமாவின் பெயரில் இருந்தது. அவர் மறைந்த கணத்திலிருந்து அந்த ரிவால்வரை வீட்டில் வைத்திருக்கும் உரிமை யாருக்கும் இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இப்படிப்பட்ட நிலையில் ஆயுதத்தையும் தோட்டாக்களையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைப்பதால் உடைமை கைவிட்டுப் போவதில்லை. ரசீது கிடைக்கும், வாரிசு உரிமம் பெற்றபின் திரும்ப வாங்கலாம், அல்லது அங்கிருந்தே விற்கலாம். காரியம் முடியட்டும், பத்திரங்கள் முடியட்டும் என்று மாதக்கணக்கில் பீரோவிலேயே விட்டுவைப்பது உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்த குற்றமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுச் சிறை. ஆகவே பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே மூவரையும் உட்காரவைத்துப் பேசி, ரிவால்வரும் அதனுடன் டப்பாவில் கிடந்த பச்சைக் களிம்பேறிய பதினான்கு தோட்டாக்களும் ஒப்படைக்கப்படும்படி செய்தேன். அதன் பிறகே நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்தது.

இனி அந்த ரிவால்வரைப் பற்றி. அது அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் 1873 முதல் செய்துவந்த சிங்கிள் ஆக்‌ஷன் வகை. அதாவது விசையை அழுத்துவதால் குதிரை (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் பின்பக்கச் சுத்தியல்) தானாகப் பின்னேறாது. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையை இழுத்து ஏற்றிய பிறகே விசை வேலை செய்யும். 1947இல் கீழ்ப்பழனி மலைக் காப்பித் தோட்டம் ஒன்றைவிட்டு ஊர் திரும்பிய ஆங்கிலேய மேலாளர் ஒருவரிடமிருந்து மாமாவின் தந்தை வாங்கியது. குழலின் மேல் பொறித்திருக்கும் எழுத்துகளின்படி அது .44-40 தோட்டாவுக்கானது, பெயரில் உள்ள 40 என்பது தொடக்க காலத்தில் அதில் நிரப்பிய கருமருந்தின் (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்தின்) அளவை, கிரெயின் என்ற சிறிய எடையலகில், குறிக்கிறது. குழலின் நீளம் ஐந்தரை அங்குலம், எடை ஏறத்தாழ ஒரு கிலோ.

கருமருந்து என்ற சொல்லை நான் காரணத்தோடு சொல்கிறேன். ஆறு தோட்டா அறைகள் கொண்ட சிலிண்டர் சுழலும் அச்சுக்கம்பியைப் பிடித்து நிறுத்த, இந்த ரிவால்வரின் சட்டத்தில், அதாவது பாகங்களையெல்லாம் தாங்கும் உடலில், முன்புறத்திலிருந்து சாய்வாக ஒரு திருகு ஏறுகிறது. இந்த அமைப்பு 1890களில் கைவிடப்பட்டு, பக்கவாட்டில் அழுத்தித் திறக்கும், ஸ்பிரிங் வைத்த வில்தாழ் வந்தது. புகையற்ற வெடிமருந்தின் அழுத்தத்தைத் தம் ரிவால்வர் தாங்கும் என்று கோல்ட் நிறுவனம் உத்தரவாதம் அளிக்கத் தொடங்கியது 1900இல்தான். ஆகவே மாமாவுடையது சந்தேகத்துக்கு இடமின்றிக் கருமருந்துக் காலத்துப் பொருள். வில்தாழ் இருந்தால் மட்டும் போதும், புதிய தோட்டாவைப் போடலாம் என்று நம்புவோரும் உண்டு. அதுவும் தவறு, ஏனெனில் தாழ் மாறிய ஆண்டுக்கும் உத்தரவாதம் தொடங்கிய ஆண்டுக்கும் இடையில் செய்தவை ஏராளம். கருமருந்து மெதுவாகத் தள்ளும். புகையற்ற மருந்து தவறான அளவில் இருந்தால் அழுத்தத்தைச் சட்டென உச்சிக்குக் கொண்டுபோகும். அக்காலத்து எஃகும் அதன் பக்குவமும் அந்த அதிர்ச்சிக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

முதல் வழி, மூத்தவர் விரும்பும் வழி: உரிமத்தை மாற்றிக்கொண்டு இதையே சுடுவது. இந்த வழியை எடைபோட வேண்டுமானால் இந்த இயந்திரத்தின் ஒரு குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். தோட்டாவின் அடியில் இருக்கும், அடிபட்டதும் தீப்பற்றும் கேப்பைக் குத்தும் ஊசி, இந்த வகையில் குதிரையின் முகத்திலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. குதிரை முழுவதும் இறங்கியிருக்கும்போது ஊசியின் முனை சட்டத்தின் துளை வழியாக நீட்டிக்கொண்டு, நேரே எதிரில் இருக்கும் தோட்டாவின் கேப்பின் மேலேயே படிந்து நிற்கும். குதிரையின் பின்புறத்தில் ஓர் அடி விழுந்தால் போதும். விசையை யாரும் தொட வேண்டியதில்லை.

இதைத் தவிர்க்க மூன்று வழக்கங்கள் இருந்தன. ஒன்று, குதிரையை ஒரு சொடுக்கு மட்டும் பின்னிழுத்து, பாதுகாப்புக் காடி எனப்படும் முதல் வெட்டில் நிறுத்துவது. ஊசி கேப்பைவிட்டுச் சற்று விலகி நிற்கும். பார்வைக்கு இது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் முழுப் பாரத்தையும் தாங்குவது விசையின் மெல்லிய நுனியும் குதிரையின் அடியில் வெட்டிய சிறிய பல்லும்தான். பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: கடினப்படுத்திய எஃகின் மெல்லிய விளிம்பு இழுவையைத் தாங்கும், அடியைத் தாங்காது. இரண்டாவது வழக்கம், ஊசியை இரண்டு தோட்டாக்களின் விளிம்புகளுக்கு நடுவில் இறக்கி வைப்பது. சிலிண்டரைப் பூட்டும் தாழ் அந்த நிலையில் தன் குழியில் விழாது. சிலிண்டர் நழுவாமல் பிடித்திருப்பது ஊசியின் முனை ஒன்றே. சற்றே திரும்பினால் ஊசி மறுபடி கேப்பின் மேல் வந்துவிடும். மூன்றாவது, ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி அறையின் மேல் குதிரையை இறக்குவது. இது ஒன்றுதான் இயந்திரத்தின் எந்தப் பாகத்தின் வலிமையையும் நம்பாத வழி. அடி விழுந்தாலும் ஊசி வெற்றிடத்தைக் குத்தும்.

மாமா முதல் வழக்கத்தைக் கடைப்பிடித்தவர், 1971 வரை. அந்த ஆண்டு ஐப்பசி மழையில், பன்றி இறங்குகிறது என்று தோப்புக்குப் போனவர், பம்புசெட் அறையில் குனிந்து வால்வைத் திருகும்போது இடுப்புப் பட்டையிலிருந்து ரிவால்வர் நழுவிச் சிமெண்டுத் தரையில் குதிரை அடிபட விழுந்தது. குதிரை கீழே இருந்தால் குழல் மேலே பார்க்கும் என்பது கணக்கு. குண்டு அவருடைய காதோரமாகப் போய் ஓட்டுக் கூரையைத் துளைத்தது. உடைந்த ஓட்டை மாற்றினார். விசையின் முறிந்த நுனியை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்தார். அதன்பின் சாகும்வரை ஆறாவது தோட்டாவைப் போட்டதே இல்லை. சிறுவனாக அந்தக் கூரையின் கீழ் நின்று வெளிச்சம் விழுந்த ஓட்டையைப் பார்த்தவன் நான். பாதுகாப்புக் காடி என்ற பெயரை இன்றும் என்னால் பதற்றமின்றிச் சொல்ல முடியவில்லை.

ஐந்து மட்டும் நிரப்பும் முறையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். குழல்வாய் மண்மேட்டை நோக்கியிருக்க, குதிரையை இரண்டாம் சொடுக்கு வரை, அதாவது பாதி ஏற்றத்துக்குக் கொண்டுவந்தால் சிலிண்டர் கையால் சுழலும். சிலிண்டருக்குப் பின்னால் வலப்பக்கம் உள்ள சிறு கதவைத் திறந்து ஒரு தோட்டாவைப் போட வேண்டும். அடுத்த அறையைக் காலியாக விட வேண்டும். பின் வரும் நான்கு அறைகளையும் நிரப்பிக் கதவை மூட வேண்டும். இப்போது குதிரையை முழு ஏற்றத்துக்கு இழுத்து, கட்டைவிரலால் உறுதியாகப் பிடித்தபடி விசையை அழுத்தி மெல்ல இறக்கினால், அது காலி அறையின் மேல் அமரும். பாதி ஏற்றத்திலிருந்து நேரே இறக்கக் கூடாது. பூட்டுத்தாழ் சிலிண்டரின் மேல் தேய்ந்து வளையக் கீறல் விழும், அறையும் நேராக நிற்காது. சரியாகக் காலி அறைதான் வந்திருக்கிறதா என்பதைப் பக்கவாட்டில் இருந்து சிலிண்டருக்கும் சட்டத்துக்கும் இடையே தெரியும் தோட்டா விளிம்புகளைப் பார்த்து உறுதிசெய்யலாம். குழல்வாய்ப் பக்கமிருந்து எட்டிப் பார்ப்பதை நான் கழகத்தில் ஒருவருக்கும் அனுமதித்ததில்லை.

சுடும் நேரத்திலும் இதற்கென்று தனி ஒழுக்கம் உண்டு. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருக்கிறது. ஒவ்வொரு வேட்டிலும் அதன் வழியாகச் சூடான வாயுவும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் சீறும். துணைக்கையின் விரல் சிலிண்டரின் முன்விளிம்புக்கு அருகே இருந்தால் தோல் கிழியும். ரைபிள் பழகியவர்கள் இயல்பாகவே கையை முன்னுக்கு நீட்டிப் பிடிப்பார்கள், எனவே அவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். பக்கத்தில் நிற்பவரும் சிலிண்டருக்கு நேராக நிற்கக் கூடாது, சற்றுப் பின்தள்ளி நிற்க வேண்டும். கைப்பிடி வளைந்து உள்ளங்கையில் உருளும்படி வடிவமைக்கப்பட்டது. உதைப்பை இறுக்கித் தடுக்க முயன்றால் அடுத்த வேட்டு தவறும், அதை மேல்நோக்கி உருளவிட்டுப் பிறகு துணைக்கையின் கட்டைவிரலால் குதிரையை ஏற்றுவதே முறை. குதிரை ஏறிய பிறகு விசை மிக இலேசாகிவிடும். குறிவைத்த கண் இலக்கில் நிலைத்த பிறகுதான் விரல் உள்ளே போகலாம். ஏற்றிய குதிரையோடு நடப்பதும், திரும்பிப் பேசுவதும், கீழே வைப்பதும் கூடாது. சுட வேண்டாம் என்று தோன்றினால் இலக்குப் பக்கம் பார்த்தபடியே இறக்கிவிட்டுப் பிறகு பேசலாம்.

வேட்டு வெடிக்காமல் சொடுக்கு மட்டும் கேட்டால், குழலை இலக்கை நோக்கியே வைத்து முப்பது விநாடி காத்திருக்க வேண்டும். கேப் தீப்பற்றியும் மருந்து தாமதமாகப் பிடிப்பது பழைய தோட்டாக்களில் நடக்கக்கூடியது. வெடிச் சத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகப் புஸ்ஸென்று கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த குண்டு போனால் குழல் பிளக்கும். கண்ணாடியும் காதடைப்பானும் இல்லாமல் ஒரு வேட்டுக்கூடக் கூடாது. ரிவால்வரின் ஓசை 140 டெசிபெலுக்கு மேல் போகும். மாமாவுக்குக் கடைசிப் பத்து ஆண்டுகள் வலக்காது கேட்காமற்போனதற்கு அந்தப் பம்புசெட் அறையும் ஒரு காரணம் என்று அத்தை சொல்வார்.

இவ்வளவையும் கற்றுக்கொள்ளத் தயார் என்று மூத்தவர் சொன்னார். அவருடைய ஆர்வம் உண்மையானது என்பதையும் நான் அறிவேன். ஆனாலும் இந்த வழியை நான் மறுத்தேன். இந்தியத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கு விற்கும் ரிவால்வர் தோட்டா பெரும்பாலும் .32 அளவுதான்; .44-40 நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. டப்பாவில் இருந்த பதினான்கும் சுடத் தகாதவை. எப்படியோ தேடிப் பிடித்தாலும் அது புகையற்ற மருந்துத் தோட்டாவாகவே இருக்கும், அதைத்தான் இந்த ரிவால்வரின் உடல் தாங்காது. தவிர, ஒருமுறை முறிந்து மறுசீரமைக்கப்பட்ட விசைநுனி, நூறாண்டைத் தாண்டிய ஸ்பிரிங்குகள், மாமா அன்போடு தடவிவந்த தேங்காய் எண்ணெய் உள்ளே பிசினாகத் திரண்டு கிடப்பது என எல்லாம் சேர்ந்திருக்கின்றன. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும்; மார்கழி அதிகாலையில் அந்தக் குதிரை மந்தமாக விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். துப்பாக்கிக்குத் துப்பாக்கி எண்ணெய்தான்.

இன்னொன்றையும் மூத்தவரிடம் வெளிப்படையாகச் சொன்னேன். ஊரில் கிடாவெட்டுக்கும் பொங்கலுக்கும் கூடும் இளைஞர்கள், ரிவால்வர் வீட்டில் இருப்பது தெரிந்தால், வானத்தைப் பார்த்து இரண்டு வேட்டுப் போடச் சொல்லி நச்சரிப்பார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டைத் தனிக் குற்றமாக்கி, இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. ரிவால்வர் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் என்பதை அறிந்தவர்களுக்குச் சட்டம்கூடத் தேவைப்படாது. நம் ஊர்களில் எந்தத் திசையில் ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இல்லை?

சுடவேண்டும் என்ற ஆசைக்கு வேறு வழி என்ன என்பது அடுத்த கேள்வி. சுடுவதற்கென்றே சிங்கிள் ஆக்‌ஷன் வேண்டுமானால் சரியான விடை அமெரிக்காவில் ரூகர் நிறுவனம் 1973இல் கொண்டுவந்த அமைப்பு. அதில் ஊசி குதிரையில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. விசையை முழுவதும் அழுத்தினால் மட்டும் ஓர் இடைத்தகடு மேலெழுந்து குதிரைக்கும் ஊசிக்கும் நடுவில் நின்று அடியைக் கடத்தும். விரலை எடுத்தால் தகடு இறங்கிவிடும், குதிரை சட்டத்தின் மேல் சும்மா படிந்திருக்கும். தரையில் விழுந்தாலும் ஊசிக்கு அடி போகாது என்பதால் ஆறு அறைகளையும் நிரப்பலாம். கதவைத் திறந்தாலே சிலிண்டர் சுழலும், பாதி ஏற்றம் என்ற சங்கடமும் இல்லை. 1973க்கு முன் விற்ற தங்கள் பழைய ரிவால்வர்களுக்கும் அந்த நிறுவனம் இந்த அமைப்பை இலவசமாகப் பொருத்தித் தந்துவருகிறது. நம் நாட்டிலோ 1980களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் துப்பாக்கி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் இது நம் கைக்கு எட்டாத விடை.

எட்டக்கூடியது இந்திய .32 ரிவால்வர். கான்பூர்த் தொழிற்சாலை 2014இல் அறிமுகப்படுத்திய நிர்பீக், வெப்லி என்ற பழைய ஆங்கிலேய ரிவால்வரின் பாணியில் நடுவில் மடித்துத் திறப்பது. எடை சுமார் 500 கிராம், அறிமுக விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். 2023இல் வந்த பிரபல், சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருவது. எடை சுமார் 700 கிராம். இவை டபுள் ஆக்‌ஷன் வகை, அதாவது விசையை நீளமாக அழுத்தினாலே குதிரை ஏறி விழும். விரும்பினால் கட்டைவிரலால் ஏற்றி, சிங்கிள் ஆக்‌ஷனைப் போலவும் சுடலாம். பழைய கோல்ட்டோடு ஒப்பிட்டால் பெரிய நன்மை, நிரப்பிய நிலையையும் காலி நிலையையும் ஒரே பார்வையில் அறியலாம் என்பது. கோல்ட்டில் சுட்ட தோட்டாக்களைக் கதவின் வழியாக ஒவ்வொன்றாகக் கம்பியால் தள்ளி எடுக்க வேண்டும். ஐந்து எடுத்தேனா நான்கு எடுத்தேனா என்ற மறதி உயிரைக் குடிக்கும். மடித்துத் திறப்பதில் ஆறு அறைகளும் கண்ணெதிரே வந்து நிற்கும். குறை என்று பார்த்தால், சிறிய குழலும் குறைந்த எடையும் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு உகந்தவை அல்ல. அவை தற்காப்புக்காக வடிவமைத்தவை. .32 என்று எழுதியிருக்கும் எல்லாத் தோட்டாவும் ஒன்றல்ல என்பதையும் வாங்குபவர் மறக்கக் கூடாது. பிஸ்டலுக்கான .32 வேறு, ரிவால்வருக்கான .32 வேறு, குழலில் பொறித்த முழுப் பெயரும் தோட்டாப் பெட்டியின் முழுப் பெயரும் ஒத்திருக்க வேண்டும்.

ஆனால் மூத்தவருக்குத் தற்காப்புத் தேவை இல்லை, சுடும் கலையின் மேல் ஆசைதான் இருக்கிறது. அதற்கு லட்சத்துக்கு மேல் செலவழிப்பதைவிடக் கழகத்தில் சேர்ந்து, பயிற்சியாளரின் கண்பார்வையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்கி, சிறிய .22 தோட்டாவைச் சுடும் துப்பாக்கிக்கு நகர்வது எல்லா வகையிலும் மேல். விசையை அழுத்தும் பக்குவமும் குழல்வாயை எப்போதும் இலக்குப் பக்கமே வைத்திருக்கும் பழக்கமும் அங்கே உடம்பில் ஏறும்.

மாமாவின் ரிவால்வரைச் சுடாமல் நினைவுப் பொருளாக வைத்திருப்பது இரண்டாவது பெரிய வழி. இதிலும் இரண்டு கிளைகள். உரிமத்தை மாற்றி, இயங்கும் நிலையிலேயே, தோட்டா இல்லாமல் வைத்திருக்கலாம். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வாரிசுக்கு உரிமம் வழங்க இடம் தருகின்றன. மாவட்டப் பகுதி என்பதால் விண்ணப்பம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும், மதுரை மாநகரக் காவல் எல்லைக்குள் குடியிருப்பவர் என்றால் காவல் ஆணையரிடம் போகும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, வீட்டில் பூட்டி வைக்கும் வசதி ஆகியவற்றைத் தயார் செய்ய வேண்டும். அதே விதிகளில், உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ உயிரோடு இருக்கும்போதே தம் வாரிசுக்கு மாற்றலாம் என்றும் இருக்கிறது. மாமா எழுபத்தெட்டு வயது வரை வாழ்ந்தார். ஒருநாள் ஆட்சியர் அலுவலகத்துக்கு அவரை நான் அழைத்துப் போயிருந்தால் இந்த அலைச்சல் பாதியாகியிருக்கும் என்ற வருத்தம் எனக்கு உண்டு. பெற்றோர் பெயரில் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உரிமம் கிடைத்தாலும் அதோடு முடிவதில்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையம் ஒப்படைக்கச் சொல்லும், முடிந்தபின் போய் வாங்கிவர வேண்டும். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி என்ற வரம்பு பரம்பரை ஆயுதத்துக்கும் பொருந்தும். இவை எல்லாம் பாரமே என்றாலும், பொருள் அதன் முழு உருவத்தோடும் மதிப்போடும் குடும்பத்திலேயே இருக்கிறது.

மற்றக் கிளை, இனி ஒருபோதும் சுட முடியாதபடி அதை நிரந்தரமாக முடக்கிவிடுவது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு உரிமத் தேவையிலிருந்து விலக்குகிறது. காதுக்கு எளிதாக இருக்கிறது, செய்வது எளிதல்ல. பழுதுபார்த்தாலும் இயங்காது என்ற நிலையை எட்ட, குழலையும் சிலிண்டரையும் சட்டத்தையும் அழிக்கும் அளவுக்கு வேலை செய்ய வேண்டும். ஊசியைக் கழற்றிப் போடுவது அந்தக் கணக்கில் வராது. மதுரையில் கடைசல் பட்டறைக்குப் பஞ்சமில்லை, என் பழைய மாணவர்கள் நடத்துபவையே பல. அங்கே கொடுத்துச் செய்துகொள்ளலாமே என்று இளையவர் கேட்டார். உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் பட்டறைக்காரரையே குற்றவாளியாக்கும். உரிமம் பெற்றவரிடம், அதிகாரியின் எழுத்துமூல ஒப்புதலோடு மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. பட்டறைக்காரனாகச் சொல்கிறேன், நூறாண்டுக்கு முந்தைய அந்தக் கைவேலையை வெட்டி அழிப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் உரிமம் ஏற்க ஒருவரும் முன்வராமல், பொருளை விடவும் மனமில்லாத வீட்டுக்கு இதுவே நேர்மையான வழி.

விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத வணிகர் வழியாக, உரிமம் உள்ளவருக்கு மட்டும் விற்கலாம். இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் பழைய வெளிநாட்டு ரிவால்வர்களுக்கு நல்ல விலை கிடைக்கிறது. முதலில் கேட்ட விலைக்கே கொடுத்துவிடாமல் இரண்டு மூன்று வணிகர்களிடம் விசாரிப்பது நல்லது. விற்கும்போது இது கருமருந்துக் காலத்து ரிவால்வர், விசைநுனி ஒருமுறை முறிந்தது என்ற இரண்டையும் வாங்குபவருக்கு எழுதித் தர வேண்டும் என்று வற்புறுத்தினேன். விலை குறைந்தால் குறையட்டும். அரசிடமே விட்டுவிடுவது என்ற வழியும் இருக்கிறது. யாருக்கும் எதுவும் வேண்டாம் என்ற குடும்பத்துக்கு அது போதும்.

என் யோசனை இதுதான்: மூத்தவர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கட்டும், ஆனால் ரிவால்வரை மட்டுமே திரும்ப வாங்கட்டும், பதினான்கு தோட்டாக்களும் திரும்ப வர வேண்டாம். உரிமம் வரும்வரை கழகத்தில் சேர்ந்து ஒரு வருடமாவது தவறாமல் பழகட்டும். அந்த ஒரு வருடத்தில் ஆர்வம் தணிந்துவிட்டால், இளையவர் சொன்னபடி வணிகரிடமிருந்தே விற்றுவிடலாம். ஒப்படைத்த இடத்தில் இருப்பதால் எந்தப் பக்கமும் அவசரமில்லை. வீட்டுக்குத் திரும்பினால் பீரோவில் அல்ல, சுவரோடு பிணைத்த இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். தோல் உறை ஈரத்தையும் அமிலத்தையும் பிடித்து எஃகை அரிக்கும் என்பதால் உறையிலிருந்து எடுத்து எண்ணெய்த் துணியில் சுற்ற வேண்டும். சாவி ஒன்று அவரிடம், மற்றொன்று வங்கிப் பெட்டகத்தில்.

இளையவர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். அப்பாவின் நினைவு நாளில் அதை வெளியே எடுக்கும்போது, ஆறு அறையும் காலி என்பதைக் கதவின் வழியாக ஒவ்வொன்றாகச் சுழற்றித் தம் கண்ணுக்குக் காட்டிய பிறகே அத்தையின் கையில் கொடுக்க வேண்டும், அதையும் எடுத்தவர் ஒருமுறை, தாம் ஒருமுறை என இரண்டு முறை பார்க்க வேண்டும் என்றார். மூத்தவர் சரி என்றார். விண்ணப்பம் சென்ற வாரம் ஆட்சியர் அலுவலகத்தில் சேர்க்கப்பட்டது; கழகத்தில் அவருடைய முதல் வகுப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு.